பதினெட்டு பிளக் பாயிண்ட்

ஆ ஹோக் முதலில் கேட்டது
வீட்டில் எத்தனை பேர் என்றல்ல,
எத்தனை பிளக் பாயிண்ட் என்று.

ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் மூன்றாவது லோரோங்.
பதினைந்தடி அகலம், எழுபதடி நீளம்,
கழற்றி நிறுத்திய ரயில்பெட்டி மாதிரி ஒரு வீடு.
பழைய வயரிங்கில் அறைக்கு ஒன்றே ஒன்று,
அதுவும் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.
விரல்விட்டு எண்ணினேன்:
சோற்றுப் பானை, பெரியவளின் கணினி,
எங்களோடு வந்துவிடப்போகும் மாமனாரின் சுவாச மெஷின்,
வயிற்றில் இருப்பதற்கு ஒரு பால் சூடேற்றி.
லோகேஸ் குறுக்கே வந்தான்:
"மீன்தொட்டிக்கு ஒன்று."
எங்களிடம் மீன்தொட்டி இல்லை.
ஆ ஹோக் எழுதிக்கொண்டார். பதினெட்டு.

தரையை உடைத்தார்கள்.
டைல்ஸுக்குக் கீழே டைல்ஸ்,
அதற்கும் கீழே சிவப்பு சிமெண்டு.
எதையும் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை போல;
மேலே மேலே போட்டே
வீடு நான்கு அங்குலம் வளர்ந்திருந்தது.
கதவு ஏன் உரசியது என்று அன்றுதான் தெரிந்தது.
அறுபதாயிரம் வெள்ளி
அன்றைக்கே எழுபத்திரண்டானது.

நடுவீட்டில், கூரையில் ஒரு திறப்பு.
மழை கதவைத் தட்டாமல் நேராக உள்ளே இறங்கும் இடம்.
மூடினால் இன்னோர் அறை கிடைக்கும்.
இரவெல்லாம் பேசினோம்.
மூடு என்றான் அவன்.
மூடு என்றேன் நானும்.
ஆனாலும் இருவருக்கும் தூக்கமில்லை.

வேலை நடந்த மாதங்களில்
சாமான் திருடுபோகாமல் இருக்க
சொஹாக் அங்கேயே படுத்தான்.
குஷ்டியா பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது.
மூன்றாவது பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறையில்
அட்டைப்பெட்டி விரித்து,
நீண்ட வயரின் முனையில் ஒரே ஒரு பிளக்.
காத்தாடியா, போனா
என்று தினமும் முடிவெடுப்பானாம்.

ஒரு சனிக்கிழமை சோற்றுப் பொட்டலத்தோடு போனேன்.
வயிற்றைப் பார்த்தான்;
பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து, துடைத்துப் போட்டான்.
என் வீட்டில்
விருந்தாளியாக உட்கார்ந்தேன்.
சுவர் முழுக்க பென்சிலில் அவன் எண்கள்.
எட்டு என்று நான் படித்தது நான்காம்.
சில அளவுகள் எங்கள் அறைக்குப் பொருந்தவே இல்லை.
கேட்டதும் சிரித்தான்.
அது ஊரில் அவன் கட்டும் வீடு:
தகரக் கூரை, இரண்டு அறை,
சம்பளம் போகிற மாதமெல்லாம் ஒரு வரிசை செங்கல்.

கிளம்பும்போது, பாதி தெரிந்த மலாயில்,
மேலே கை காட்டினான்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு
காற்று அங்கிருந்துதான் வருது, அக்கா."
வேறெதுவும் சொல்லவில்லை.

மூடவில்லை நாங்கள்.
பாதிக்குக் கண்ணாடி, பாதிக்கு வலை.
செலவு குறையும் என்றுதான்
லோகேஸிடம் சொன்னேன்.

சுவருக்கு வெளிர்மஞ்சள், இரண்டு கோட்டு.
சொஹாக் அடுத்து பாயான் லெப்பாஸில்
யாரோ ஒருவரின் மாடிக்குப் போய்விட்டான்.
அவன் அளவுகள் எந்த உயரத்தில் இருந்தன என்று
இப்போது என்னால் சரியாகக் காட்ட முடியாது.

பதினேழு பிளக்கும் நிறைந்துவிட்டன.
மீன்தொட்டி இன்னும் வாங்கவில்லை.
பால் கொடுக்க எழும் இரவுகளில்
பதினெட்டாவதில் போனைச் செருகிவிட்டு
காத்தாடியை அணைத்துப் பார்க்கிறேன்.

வருகிறது.
ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தியே.