தேதியுள்ள பக்கம்

மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில்
வக்கீல் சேர்மக்கனி என் சம்பாத்தியத்தை
ஒரு முழுத்தாளில் கோடு போட்டுப் பிரித்தார்.

வீடு, பவளக்கொடி பேருக்கு. தான செட்டில்மெண்ட்.
கடை, எல்.எல்.பி.
கைப்பிழைக்கு ஒரு பாலிசி, வருடம் தவறாமல்.

"கடைப்பையன் தப்புப் பண்ணினா
கடையோட நிக்கும், வீட்டு வாசப்படி ஏறாது.
உங்க கையே பண்ணினா
எல்.எல்.பி. ஒதுங்கி நின்னு வேடிக்கை பாக்கும்.
அதுக்குத்தான் பாலிசி."

உசிலம்பட்டி தேனி ரோட்டில்
இருபத்திரண்டு வருடம் மாத்திரை எண்ணியவன் நான்.
டாக்டர்கள் கிறுக்கியதை
அவர்களே மறந்த பிறகும் வாசித்துக் காட்டுவேன்.
சேர்ந்தது நாலேகால் சென்டில் ஒரு வீடு,
கூட்டுறவு வங்கியில் கொஞ்சம் நகை,
எந்தப் பத்திரத்திலும் ஏறாத முதுகுவலி.

பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"கடன்காரங்க யாராச்சும்?
நோட்டீஸ் ஏதாச்சும்?
வர்ற மாதிரி ஏதாச்சும்?"

முதல் இரண்டுக்கும் உடனே இல்லை என்றேன்.
மூன்றாவதற்கும் இல்லை என்றேன்,
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் கேக்கிறேன்னா,
பிரச்சினை வந்தப்புறம் எழுதினா
அதுக்குப் பேரு பாதுகாப்பு இல்ல, பதுக்கல்.
ஐம்பத்து மூணாம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு.
பத்திரமும் உங்க மருந்து மாதிரிதான் சார்,
தேதி பாத்துத்தான் செல்லும்."

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி
செக்கானூரணி தாண்டும்வரை
தாங்கியது அந்த இல்லை.

பங்குனியில், சந்தைக் கூட்டத்தில்,
ஒச்சம்மாளின் முட்டுவலிச் சீட்டு.
மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம்.
பத்து மாத்திரை அட்டையில் எட்டை வெட்டினேன்.
பையன் டீ வாங்கப் போயிருந்தான்.
கவரில் எழுதியது நான்:
இரவு 1.

ஆறு இரவு.
வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சி இறங்காமல்
மதுரை பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள்.
"சூட்டுப்புண்ணுதானே?" என்றான் மருமகன்,
குளுக்கோஸ் பாக்கெட் வாங்க வந்தவன்.
சூடுதான் என்றேன்.
பாக்கெட்டுக்குக் காசும் வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பத்திரப்பதிவு, டோக்கன் போட்டாயிற்று.
அங்கே போட்டோ பிடிப்பார்களென்று
பவளக்கொடி புடவை எடுத்து வைத்துவிட்டாள்.
புதன் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒச்சம்மாள் வீட்டுக்குப் போனேன்.
ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.
இளைத்திருந்தாள், பேச்சு இன்னும் கொழகொழத்தது.

வாரம் என்று எழுத வேண்டியதை
இரவு என்று எழுதிவிட்டேன், ஆத்தா.
சூடு இல்லை. நான்.

வெகுநேரம் என் செருப்பையே பார்த்தாள்.
உள்ளே போனாள்.
மருமகன் நம்பரைத் தேடுகிறாள் என்று நின்றேன்.
சுருக்குப்பையோடு வந்தாள்.
அதற்குள் என் கவர், நாலாக மடித்து.
கவருக்குள் அட்டை.
ஆறு குழி பிய்ந்து, ரெண்டு மாத்திரை மிச்சம்.

"இதை எடுத்துக்கிட்டுக் காசு குடு.
மத்ததை மருமகன் வந்து கேப்பான்."

கொடுத்தேன். இருபத்தோரு ரூபாய்.
எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டாள்.

அட்டையை வெட்டி விற்கும்போது
தேதியுள்ள பக்கத்தைக் கடையில் நிறுத்திக்கொள்வது
எங்கள் தொழில் வழக்கம்.
வாங்கிப் போகிறவர் கையில்
தேதியில்லாத துண்டுதான் போகும்.
அன்று இரவு இழுப்பறையைத் துழாவி
அந்த ரெண்டை எடுத்து
ஒச்சம்மாளின் துண்டருகே வைத்தேன்.
அவசரத்தில் கத்தரி போன கோணல் வழி
மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

மணி ஒன்பதரை.
சேர்மக்கனி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போல.
"மேடம், அந்த மூணாவது கேள்வி" என்றேன்.

மெல்லும் சத்தம் நின்றது.