குறை என்ற கோட்டில்

கல்முனை பஸார்க் கடையில்
பெட்டியை நிமிர்த்தி ஒப்புவிப்பேன்:
வைபை பிடிக்கும். போனுக்குப் பணியும்.
எந்த நாட்டிலிருந்தும் எரிக்கலாம்.
அதுதான் ஸ்மார்ட்.

மருதமுனைக்குப் போய் நானேதான் மாட்டினேன்.
கட்டாரிலிருந்து சிபானியாவின் புருஷன்
போட்டான், அணைத்தான், போட்டான்.
"நல்லாத்தான் இரிக்கி" என்றாள்
சிரிக்காமல்.

பத்தாம் நாள் பல்ப்போடு வந்தாள்.
பழுதா?
"இல்ல தம்பி. நான் எத்தின மணிக்குப் படுக்கன்,
எப்ப எழும்பிக் குசினிக்குப் போறன்,
எல்லாத்தையும் போய்ச் சொல்லுது.
முன்னூறு ரூவா பல்ப் ஒண்டு தாங்க,
சுவிச்சைப் போட்டா எரியிறது.
அவர் உங்கட்டக் கேட்டா
பழுதெண்டு சொல்லுங்க."

அவள் போய்விட்டாள்.
வாறண்டி அட்டையில்
குறை என்ற கோடு
வெறுமையாய்க் கிடந்தது.
முதலாளி தொழுகையால் வருமுன்
எழுதிவிட்டேன்:

வாய் அடங்காது.