அந்த ஆண்டின் லேபிள்

மூன்று மணிக்கே ஆய்வகத்தைப் பூட்டிவிட்டேன்.
காலையெல்லாம் கண்ணாடிக் குழாயில்
பிறர் தோட்டத்துப் புளிப்பை அளந்த கை
இப்போது சைக்கிள் கைப்பிடியில்.

தார்ச்சாலை ஒரு டிராக்டர் கொட்டகையோடு முடிகிறது.
அதற்கப்பால் சரளை.
ஆற்றுச் சரளை அல்ல,
ப்ர்தா குன்றுகளின் களிக்கல்.
தோண்டும்போது பாறை;
இரண்டு மழை, ஒரு பனி கண்டால் பிஸ்கட்.
அதன்மேல் சக்கரம் ஏறும் ஓசை
பக்கத்து இருக்கையில் யாரோ
விடாமல் கடலை மெல்வது போல.

ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும்,
உட்கார்ந்து மிதித்தால் தொடை எரியும்.
உட்கார்ந்தே மிதித்தேன்.

இடப்புறம் ரெபூலா கொடிகள்.
வலப்புறமும் அதே கொடிதான்,
ஆனால் அது இத்தாலி, பெயர் ரிபோல்லா.
நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளைக் கல்
வெறும் எண்ணைச் சுமந்துகொண்டு நிற்கிறது.
சூறைக்குருவிகள்
இங்கே செர்ரி தின்று
அங்கே எச்சமிடுகின்றன.

இறக்கத்தில்
எந்தக் கல்லைப் பார்க்கிறாயோ அதன்மேல்தான் வண்டி போகும்.
கல்லைப் பார்க்காதே, இடைவெளியைப் பார்.
இது எந்தப் புத்தகத்திலும் இல்லை,
என் இடது முழங்கையில் எழுதியிருக்கிறது.
அன்று நான் பார்த்தது
ஒரு முயலை.

உஸ்ஸென்றது.
டயருக்குள்ளிருந்த வெண்பசை பீய்ச்சி
பால் கறந்தவள் போல் கணுக்காலெல்லாம் வெள்ளை.
டயரின் பக்கவாட்டில்
கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல்.
ட்யூப் இருக்கிறது. ஆனால் காற்றடித்தால்
கிழிசல் வழியே தவளைத் தொண்டையாய்ப் புடைத்து வெளியே வரும்.
உள்ளே ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும்.
பத்து யூரோ நோட்டை மடித்து வைப்பார்கள்.
என்னிடம் அட்டை மட்டுமே.

மேல்வரிசையில் டாரின்கா
நீண்ட துளிர்களைக் கம்பிக்கு நடுவே செருகிக்கொண்டிருந்தாள்.
"லேபில் இருப்பவள்தானே நீ?
என் ஒயினில் கந்தகம் கூடுதல் என்று எழுதியவள்?"
ஆமாம் என்றேன்.
டயரைக் காட்டினேன்.

கொட்டகைக்குள் போனவள்
ஒரு பெரிய சுருளோடு வந்தாள். லேபிள்கள்.
பொன் ஓரம், வீட்டுப் பெயர்,
விரல் வைத்தால் புடைப்பாய்த் தெரியும் ஆண்டு.
"மொத்தமாக அடித்தால் மலிவு என்றான்.
ஜூலையிலேயே அடித்துவிட்டேன். நாலாயிரம்.
ஆகஸ்ட் பதினொன்று, மாலை ஆறே கால்.
ஏழு நிமிடம்."
கையை மூடி, முட்டியை உயர்த்திக் காட்டினாள்:
ஆலங்கட்டியின் அளவு.
அதற்குமேல் சொல்லவில்லை.
நானும் அந்த மாலை எங்கிருந்தேன் என்று
யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம்.
ஒரு புட்டியைக்கூடத் தொட்டறியாத பசை
ரப்பரில் கப்பென்று பிடித்துக்கொண்டது.
பம்பை அவளே பிடுங்கிக்கொண்டாள்.
அறுபது தடவை அடித்துவிட்டு
டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்,
அறுப்புக்கு முன்னே திராட்சையை அழுத்துவது போல.
"இன்னும் கொஞ்சம்" என்றாள்.
என் கருவிகள் எதுவும்
அவ்வளவு நிச்சயமாகப் பேசியதில்லை.

"கந்தகம்?" என்றாள், பம்பைத் திருப்பித் தரும்போது.
"கூடுதல்தான்" என்றேன்.
முகம் கோணி, பிறகு சிரித்து,
என் தலைக்கவசம் நிறையச் செர்ரி கொட்டினாள்.
ஆகவே வெறுந்தலையோடு இறங்கினேன்,
மெதுவாக,
கைப்பிடியில் செர்ரி ஊசலாட.

பதினான்கு கிலோமீட்டர்.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை
கல்லருகே இறங்கி ஏறுகிறது
எவரும் குடிக்காத அந்த ஆண்டு.
எல்லைக் கல்லை இருமுறை தாண்டினோம்.

புது டயர் வந்து மூன்று வாரமாகிறது.
பெட்டியைப் பிரிக்கவில்லை.
அவள் ஒயினின் மீதி மாதிரியை
யாரும் இல்லாத நேரம் எடுத்து
மறுபடி அளந்தேன், மூன்று தடவை.
அதே எண்தான் வந்தது.