எடைமேடை

கோலக்கெட்டில் மில்லில் இரவு ஷிப்டு.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்,
ஆறாம் படிவம் முடித்து
ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் எடைக்கிராணி.
வெளியே மழையில் நனைந்து
செம்பனைக் குலைகளோடு நிற்கின்றன லாரிகள்.

பழைய ரசீதுப் புத்தகத்தின் முதுகில்
கோடு கிழித்துப் பிரித்திருக்கிறேன்
கடல் கடந்த காலேஜுகளை:
தேர்வு கட்டாயம் – நான்கு.
கட்டாயமில்லை – ஏழு.
அனுப்பினாலும் பார்க்கமாட்டோம் – ஒன்று.
அந்த ஒன்றை ஏனோ நம்ப முடியவில்லை.

மற்றவர்கள் பாடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்,
ஊரை, பனியை, நூலகத்தை.
நான் முதலில் தேடுவது
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை.

தேர்வுக் கட்டணம்
என் எட்டு இரவுச் சம்பளம்.
பினாங்கில் இடம் முடிந்துவிட்டது.
ஈப்போவில் இருக்கிறது;
முந்தின நாளே பஸ் ஏறி
யார் வீட்டிலாவது படுக்க வேண்டும்.
ஈப்போவில் எங்களுக்கு யாருமில்லை.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே
மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன்.
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.
ஹாரன் அடித்த இரண்டு கேள்விகளை
தப்பென்று கணக்கு வைத்தேன்.

ஷர்வினிக்கு ஆயிரத்து நானூற்றெழுபது.
கோலாலம்பூரில் ஆறு மாதம் டியூஷன்.
கெட்டிக்காரிதான், இல்லை என்று சொல்லவில்லை.
ஆனால் இந்தக் கூண்டில் உட்கார்ந்தவளுக்கு
ஒரு வித்தை தெரியும்:
பழத்தோடு ஏறும்போது லாரியில் இரண்டு தலை,
பழத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு தலை.
இறங்கிப்போன ஆளின் அறுபது கிலோவும்
பழமாகிவிடும்.

அப்பாவிடம் சொன்னேன்,
தேர்வே கேட்காத காலேஜும் இருக்குப்பா.
செருப்பிலிருந்த சேற்றைக் கத்தியால் வழித்துக்கொண்டே
கேட்டார்:
"எடை போடாம வாங்குற மில்லுல
என்ன வெலைம்மா குடுப்பான்?"
பதில் சொல்லாமல்
தே ஓவில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்,
கரைந்த பிறகும்.

இன்று நள்ளிரவோடு பதிவு முடிகிறது.
கட்டாயம் கேட்கும் நான்கில் ஒன்றை
அடிக்க முடியவில்லை.
மண்ணுக்கென்றே ஒரு கட்டடம் அங்கே;
கண்ணாடிக் குழாய்களில் நிறம் நிறமாய் மண்.
எங்கள் மண்ணும் இருக்குமா என்று
போனில் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தேன்.
புள்ளிகள்தான் தெரிந்தன.

பதினொன்று நாற்பத்தாறு.
கார்டு எண்ணைத் தட்டிவிட்டேன்.
'செலுத்து' என்ற பொத்தான் மட்டும் பாக்கி.

அர்ஜுனன் அண்ணன் லாரி
காலியாகத் திரும்பி மேடை ஏறியது.
ஒரு தலை.
வரும்போது பதினாலாயிரத்து இருநூற்றிருபது, இரண்டு தலை.
"ஷோஹாக் எங்கண்ணே?"
"ஒண்ணுக்குப் போயிருக்கான். போட்டு விடு பாப்பா."
"வரட்டும்."
"மழைம்மா."
"வரட்டும்ண்ணே."

வைப்பர் ஆடியது.
பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்தது.
என்சிக் ருஸ்லான் ஆபீசிலிருந்து எட்டிப் பார்த்து
உள்ளே போய்விட்டார்.
போன் திரை மங்கியது; விரலால் தொட்டு எழுப்பினேன்.
தொட்ட விரல்
பொத்தான் வரை போகவில்லை.
மறுபடி மங்கியது.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு
சிரித்தபடியே வந்து ஏறினான் ஷோஹாக்.
வெறும் எடை ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது.
கழித்து, சரியான ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
அதில் அச்சாகியிருந்த நேரம்
பன்னிரண்டு நான்கு.

ஷோஹாக்குக்காகத்தான் காத்திருந்தேனா,
எனக்கே தெரியவில்லை.

ஏழு காலேஜுகள் மிச்சம்.
எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி:
உன்னைப் பற்றிச் சொல்,
அறுநூற்றைம்பது சொற்களுக்குள்.
எண்ணே கேட்காத இடத்தில்
எங்கிருந்து தொடங்குவது என்று
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு,
வெறும் லாரியின் எடை என்று தட்டினேன்.
அழித்தேன்.
அடுத்த லாரி மேடை ஏறியது,
இரண்டு தலை.