அரைப்பேர்

கொட்டகலையில் நாலு நாளாக மழை விடவில்லை.
கராஜ் தகரத்துக்குக் கீழே
ஹில்மியின் வான் மூன்று வாரமாக நிற்கிறது.
சாவி போட்டால் விளக்கெல்லாம் எரியும்,
இஞ்சின் மட்டும் வாய் திறக்காது.
அதில் போக வேண்டிய பதினாறு பிள்ளைகள்
ஏழு மணி பஸ் மிதிபலகையில்
தொங்கிக்கொண்டு போகிறார்கள்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி
மேசை விளக்கின் கீழ் பிரித்தேன்.
நூற்று நாற்பத்து நாலு கால் உள்ள
கறுப்புச் சதுரப் பூச்சி.
ஒரு மூலையில் தீய்ந்த பால் மாதிரிக் கறை.
அவ்வளவுதான், செத்துவிட்டது.

பஞ்சிகாவத்தையில் சொன்னார்கள்:
முந்தி அறுநூறு ரூபாய்,
இன்றைக்கு இருபத்தோராயிரம்,
நாளைக்கு என்னவென்று கேட்காதே.
சிங்கப்பூரிலிருந்து வந்த மின்னஞ்சல்
இன்னும் மரியாதையாகச் சொன்னது:
காத்திருப்பு ஐம்பத்திரண்டு வாரம்,
குறைந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்க வேண்டும்.

இங்கிருந்து தலவாக்கலை வரைக்கும்
ஓடுவது, நிற்பது, பள்ளத்தில் குப்புறக் கிடப்பது
எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன்.
பாதிகூட வரவில்லை.
கடலுக்கு அப்பால் புதுக் கார் செய்கிறவர்கள்
சரக்கை மட்டுமா வாங்கினார்கள்,
வரிசையையே வாங்கிவிட்டார்கள்.

நுவரெலியாவில் ஒருத்தன் மலிவாகத் தந்தான்.
பூதக்கண்ணாடியில் வைத்தேன்.
முதுகைத் தேய்த்து
பழைய பேரைச் சுரண்டி
வேறு பேர் அடித்திருந்தது.
நகம் பட்டதும் உரிந்தது.

என் மனுசி ரெஜினா கொழுந்து எடுக்கிறாள்.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால் பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
செத்த சதுரத்தை உள்ளங்கையில் வைத்து
மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.
"இதுக்கு எடையே இல்லையே.
யாரு இதுக்கு முழுப்பேர் போட்டது?"
விலையைச் சொன்னேன்.
மூன்று வாரக் கொழுந்து, என்றாள்,
மழை பெய்யாமல் இருந்தால்.

பின்னால் கித்துள் மரத்தடியில்
ரம்பொடை இறக்கத்தில் உருண்ட வெள்ளைக் கார்.
அதே கம்பனி, அதே வருஷம்.
மருந்து விற்கப் போய்வந்த நிக்சனுடையது.
குடித்திருந்தான் என்றார்கள்,
பறந்தான் என்றார்கள்,
செத்த வீட்டிலேயே சொன்னார்கள்.
அனிஸ்டா அதைப் பழைய இரும்பு விலைக்குத் தந்தபோது
காரின் பக்கம் திரும்பவில்லை.
சில்லறையைக்கூட எண்ணாமல் போனாள்.

கழற்றுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டும்.
பழைய மடிக்கணினி முக்கி முனகி
நாலு வரி காட்டியது.
கடைசியாகக் கோளாறு விழுந்த நொடி:
வேகம் முப்பத்திரண்டு.
எக்சிலேட்டர் பூச்சியம்.
இஞ்சின் சூடு எண்பத்தொன்பது.
மணி மாலை ஆறு பன்னிரண்டு.

முப்பத்திரண்டு.
அந்த இறக்கத்தில் கொழுந்து லொறி
மூட்டையோடு அதைவிட வேகமாகப் போகும்.
காலை எடுத்திருக்கிறான்.
அவன் காலை எடுத்துத்தான் இருந்திருக்கிறான்.

திரை கேட்கிறது: அழிக்கவா?
ஆம். இல்லை.
இதை அழித்தால்தான் வானின் பாடத்தை எழுதலாம்.
ஹில்மி இரண்டு தடவை போன் அடித்துவிட்டான்.
கரண்ட் பில்லைத் திருப்பி
நாலு வரியையும் பென்சிலால் எழுதினேன்,
ஆறு பன்னிரண்டுக்குக் கீழே
ஏனோ ஒரு கோடும் போட்டேன்.
பிறகு ஆம்.

சூட்டுக் காற்று முந்நூற்றைம்பதில்,
உப்புப் பட்ட அட்டை போலக்
கால்களை விட்டது சதுரம்.
புது இடத்தில் உட்கார வைத்து
ஒவ்வொரு காலாக ஈயம் தொட
இராத்திரி ஒன்றரை.
மூன்றாவது சுற்றில் இஞ்சின் பேசியது.
ரெஜினா எழும்பி வந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்தாள்.

"ஒரிஜினலா?" என்றான் ஹில்மி.
பேர் சுரண்டாதது, என்றேன்.

கரண்ட் பில் சட்டைப் பையில் இருக்கிறது.
அனிஸ்டாவின் நம்பர் இரும்பு வித்த ரசீதில் இருக்கிறது.
இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்,
போனை எடுத்தேன், கையில் ஈயம் பிசுபிசுத்தது,
கழுவப் போனேன்.

காலையில் பதினாறு பிள்ளைகளோடு
வான் மேட்டில் ஏறியது.
பனியில் பின் விளக்கு தெரியவில்லை.
கோயில் வளைவுக்குப் போனதும்
ஹில்மி காலை எடுத்தான்.
சத்தத்தில் தெரிந்தது.