நான்கு விரல்

மூன்று பெட்டிகளையும் மேசைமேல் வைத்து
வழக்கம்போல் ஒப்பித்தேன்:
இதில் ஒரு டெராபைட், அதில் பழைய தட்டும் ஓடும்,
இன்னொன்றைக் கையோடு ரயிலுக்குக் கொண்டுபோகலாம்.

வந்தவர் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.
கையுறையைக் கழற்றினார்.
க்தீனியா கப்பல் பட்டறை எடுத்துக்கொண்டது போக
வலக்கையில் மிச்சம் நான்கு விரல்.

“பட்டனெல்லாம் எந்தப் பக்கம்?”

வெளியே பனி சேறாகிக்கொண்டிருந்தது.
டிராலிபஸ் ஒன்று கம்பியில் பொறி கக்கிப் போனது.
நான் சொன்ன வேகம், நிறம், தவணை எல்லாம்
விலைச்சீட்டுக்குள் திரும்பிப் போய்விட்டன.

ஒவ்வொரு கன்ட்ரோலராக எடுத்து
முலாம்பழம் வாங்குகிறவர்போல் கனம் பார்த்தார்.
முழங்கால்மேல் வைத்து
ஆள்காட்டி விரலை வளைத்துக்
குச்சியை நெம்பினார். நழுவியது.

நானும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டு
காட்சிக்கு வைத்த டிவியில்
கால்பந்து ஒன்றைத் தொடங்கினேன்.
ஆறு நிமிடத்தில் நாலு கோல் வாங்கினேன்.
ஐந்தாவதை என் ஆளே என் வலைக்குள் அடித்தான்.

இரக்கமென்று நினைத்துவிடுவாரோ என்று
வயிறு கலங்கியது.
“நகரு, பெண்ணே” என்றார்,
“நீ விரல் இருந்தாலும் தோற்பாய்.”

பட்டன்களை இடம் மாற்றிக்கொள்ள முடிவதையே எடுத்தார்.
ஓரம் நசுங்கிய பெட்டி, எழுபது ஸ்வோத்தி தள்ளுபடி.
போகுமில் என்று பெயர் எழுதி
திருப்பித்தரப் பதினான்கு நாள் என்பதை
ரசீதில் வட்டமிட்டேன்.

இன்று பதினேழு.
கடைக்கதவு மணி அடிக்கும்போதெல்லாம்
என் கட்டைவிரல்
தானாகவே உள்ளே மடிகிறது.