மூன்றாவது சிலிண்டர்

விவாகரத்துப் பத்திரத்தில்
வண்டி எனக்கென்று எழுதியிருந்தது.
கார்புரேட்டர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
ஆறு வருடம் கழித்து, வாசலில் நின்றபடி
இல்போவின் இப்போதைய மனைவி ரீக்கா
ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை நீட்டினாள்,
கையுறையைக் கழற்றாமல்.
"கராஜைக் காலி செய்கிறோம்."
மூடியில் பேரிக்காய்ப் படம்.
உள்ளே நான்கும், அடித்தகட்டில் வரிசையாக,
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்போல
ஒன்றையொன்று பார்க்காமல்.

ஔலுவில் ஜனவரி.
மூன்று மணிக்கெல்லாம் விளக்கைப் போட்டாக வேண்டும்.
சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்தேன்.
பெட்ரோல் பாகாகி, பாகு அரக்காகியிருந்தது.
கிண்ணங்களின் அடியில் பச்சை பூத்திருந்தது.
இரண்டு மிதவைகள் அசைய மாட்டேன் என்றன.
உருளைக்கிழங்கு வேகவைக்கும் பானையில்
எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டேன்.
(இனி அந்தப் பானையில் உருளைக்கிழங்கு இல்லை.)
சௌனாவின் மேல்பலகையில் துண்டு விரித்து
நான்கையும் உலர வைத்தேன்.
அந்த வாரம் முழுக்க
நான் கீழ்ப்பலகையில்தான் உட்கார்ந்தேன்.

ஜெட் என்பது ஒரு துளை.
பித்தளை, அதைச் சுற்றிக் கட்டிய சுவர்.
மகளின் கிடாரில் அறுந்துபோன
மெல்லிய கம்பியை நுழைத்து எடுத்து
அதன் வழியே தெருவிளக்கைப் பார்க்க வேண்டும்.
ஒளி வட்டமாகத் தெரிந்தால் சுத்தம்.
முதலாவதில் தெரிந்தது. இரண்டாவதிலும்.
மூன்றாவதில் விளக்கு
கொஞ்சம் பெரிதாக இருப்பதுபோல் தோன்றியது.
அல்லது கண் களைத்திருந்தது.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினேன்.
மற்ற மூன்றிலும் நூற்றைந்து.
இதில் நூற்றுப்பத்து.

இருபது வருடம்
அந்த மூன்றாவது சிலிண்டர் கரி துப்பியது.
எந்தப் பயணத்திலும் என் கோட்டின் இடப்பையில்
உபரி ஸ்பார்க் பிளக் ஒன்று இருக்கும்.
நார்வே எல்லையில், மழையில் மண்டியிட்டு
மாற்றியிருக்கிறேன்.
"பிறவிக் குணம்" என்பான் இல்போ.
"சிலதுக்குப் பசி அதிகம்."
நம்பினேன்.
அதற்குப் பெயர்கூட வைத்திருந்தேன்,
அவன் அம்மாவின் பெயர்.

நூற்றைந்துக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவே
ஒரு தலைமுடிகூட நுழையாது.

புதிய ஜெட் நான்கு யூரோ இருபது.
பழையதை உறையிலிட்டு அவனுக்கு அனுப்பினேன்.
கடிதம் வைக்கவில்லை.
ஒன்பதாம் நாள் குறுஞ்செய்தி வந்தது:
"கெமியார்வி. தொண்ணூற்றெட்டு. கொசு அடித்தேன்,
ஜெட் ஏரியில் விழுந்துவிட்டது.
நீ கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய்.
பெட்டியில் இருந்தது அது ஒன்றுதான்."
நள்ளிரவு தாண்டி இன்னொன்று:
"சொல்ல நினைத்தேன்."
எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை.

மிதவை உயரம் இருபத்தாறு மில்லிமீட்டர்.
நான்கு தடவை அளந்தேன், நான்கையும்.

ஏப்ரலில், பனி விட்டுப்போன சரளையில்
வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன்.
இருமியது. அவ்வளவுதான்.
மறுபடி. மறுபடி.
பாட்டரி குரல் இறங்கியது.
நான்கு மாதத்து மாலைகளையும் இல்போவையும்
அவன் அம்மாவையும் சேர்த்துத் திட்டினேன்.
கீழ்வீட்டு கௌகோ, குப்பைப் பையும் கையுமாக
நெடுநேரம் நின்று பார்த்தார்.
பிறகு ஒரு விரலால்
டாங்குக்குக் கீழே சுட்டினார்.
பெட்ரோல் குழாய் மூடியே கிடந்தது.

திறந்தேன்.
கிண்ணங்கள் நிறைவது
காது வைத்தால்தான் கேட்கும்,
தாகமுள்ள ஒருவர் நாகரிகம் கருதி
மெல்லக் குடிப்பதுபோல.
பிறகு பற்றிக்கொண்டது.
நான்கு மானிகளில் நான்கு முள்கள் துடித்தன.
மூன்றாவது சற்றே தாழ்ந்து ஆடியது.
திருகாணிக்குக் கால் திருப்பு.
நிமிர்ந்தது.
கௌகோ குப்பையைப் போடப் போனார்,
கதவை உதைத்துத் திறந்துகொண்டு.

கடல் வரை போய்த் திரும்பிய மாலையில்
பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன்.
நான்கும் பிஸ்கட் நிறம்.
எது மூன்றாவது என்று
எண்ணித்தான் சொல்ல முடிந்தது.

கோட்டின் இடப்பையிலிருந்து
உபரி பிளக்கை எடுத்து அலமாரியில் வைத்தேன்.
அதன் எடைக்குத் துணி தொய்ந்திருந்தது.
இப்போது அங்கே வீட்டுச் சாவி.
இன்னும் சரியாக உட்காரவில்லை.